போர்டு போகலைங்க, பொறுங்க!

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானுங்ணா ஓடுச்சு. இப்ப ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரமாட்டீங்குது. போர்டு போயிருச்சுங்களா?"

காந்திபுரம் பக்கத்துக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அவர் கேட்கும் எதிர்க்கேள்வியும் பழையதுதான்: "பயாஸ்ல எதையாச்சும் நோண்டுனியா தம்பி?" கம்ப்யூட்டர் எழும்போதே ஓடி அதன் அமைப்புகளைக் கவனிக்கும் ஆரம்ப மென்பொருள்தான் பயாஸ். பையன் தலையைச் சொறிந்தால் பாதி நோய் தெரிந்துவிட்டது. கேம் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடட்டும் என்று பிராசசரின் வேகத்தைக் கூட்டியிருப்பான். போகிற போக்கில் ராமின் வேகத்தையும் ஏற்றிவிட்டிருப்பான். ஓவர்கிளாக்கிங் என்று இதற்குப் பெயர். சேமித்துவிட்டு வெளியே வந்தால் திரை கருப்பு.

இந்த நிலையில் போர்டு போயிருப்பது அபூர்வம். தன்னால் நிறைவேற்ற முடியாத ஒரு கட்டளையை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் திணறுகிறது, அவ்வளவுதான். அந்தக் கட்டளையை அது மறக்கும்படி செய்துவிட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். அதற்கு முன்னால் அது ஏன் திணறுகிறது என்று பார்த்துவிடலாம். காரணம் தெரியாமல் ஸ்குரூ டிரைவரை எடுப்பவர்கள்தான் நல்ல போர்டைக் கெடுக்கிறார்கள்.

பிராசசருக்குள் நடக்கும் எல்லா வேலையும் ஒரு துடிப்புக்குக் கட்டுப்பட்டது. மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு நொடிக்குப் பத்துக் கோடி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். பிராசசர் அதைத் தனக்குள் ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. 45ஆல் பெருக்கினால் 4.5 கிகாஹெர்ட்ஸ், 50ஆல் பெருக்கினால் 5. பயாஸ் திரையில் 45ஐ அழித்து 50 என்று எழுதுவதற்கு இரண்டு விசைகளைத் தட்டினால் போதும். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைக்கும் அவகாசம் 200 பிகோநொடி. வெற்றிடத்தில் பாயும் ஒளிகூட அந்த நேரத்தில் 6 சென்டிமீட்டர்தான் போகும். அதற்குள் வரிசையாக நிற்கும் டிரான்சிஸ்டர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக மாறி, கடைசி விடை வந்துசேர்ந்து, ஆடாமல் நிற்க வேண்டும். விடை வருவதற்கு முன்பே அடுத்த துடிப்பு அடித்துவிட்டால், 0 இருக்க வேண்டிய இடத்தில் 1 பதிவாகும். ஒரே ஒரு இடத்தில் பதிவானால் போதும், அந்தக் கணக்கு முழுவதும் பாழ்.

கோயம்புத்தூர்க்காரருக்கு இதைச் சொல்ல மில்லைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. 1888இல் ஸ்டேன்ஸ் குடும்பத்தார் தொடங்கிய மில்லும், 1932இல் பைக்காரா மின்சாரம் இறங்கி வந்தபின் ஊரெங்கும் முளைத்த மில்களும் பழகிக்கொண்ட பாடம்தான் இது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில் வேகத்தைக் கூட்டினால் நூல் கூடுதலாக வரும். ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் இழை அறுப்பும் கூடும். வளையத்தின் மேல் ஓடும் சின்ன உலோக டிராவலர், நொடிக்கு 40 மீட்டர் வேகத்தை நெருங்கும்போது உராய்வுச் சூட்டிலேயே தீய்ந்துபோகும். அதனால்தான் ஆயிரம் ஸ்பிண்டில் மணிக்கு எத்தனை அறுப்பு என்று கணக்கு வைத்து வேகத்தை முடிவு செய்கிறார்கள். அவிநாசி சாலையில் 1956இலிருந்து இயங்கிவரும் சிட்ரா ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட அளவுகோல்களை மில்களுக்கு வகுத்துத் தந்திருக்கிறது. பிராசசருக்கும் எல்லை போடுவது கடைசியில் சூடுதான். ஒரு வேறுபாடு உண்டு: மில்லில் அறுந்த இழையை ஒட்ட சைடு பார்க்கும் ஆள் இருக்கிறார். பிராசசருக்குள் அப்படி ஒருவரும் இல்லை.

வேகத்தைக் கூட்டியும் பிழை வராமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. வோல்டேஜை ஏற்றினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக மாறும். அதற்கான விலை வெப்பம். பிராசசர் தின்னும் மின்திறன் வேகத்தோடு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டிப் பாருங்கள்: 1.1ஐ மூன்று முறை பெருக்கினால் 1.33. பத்துக்கு ஆசைப்பட்டால் முப்பத்துமூன்று சதவீதம் கூடுதல் சூடு. சூடு ஏற ஏற, அணைந்திருக்கும் டிரான்சிஸ்டர்கள் வழியே கசியும் மின்னோட்டமும் கூடும். கசிவு மறுபடியும் சூட்டை ஏற்றும்.

சரி, பிழை வருகிறது. திரை ஏன் கருக்க வேண்டும்? ஏதாவது ஒரு பிழைச் செய்தியாவது காட்டலாமே?

காட்ட முடியாது. ஆன் செய்ததும் முதலில், மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி தன் வோல்டேஜ்கள் நிலைக்கு வந்துவிட்டன என்று போர்டுக்கு ஒரு சைகை கொடுக்கும். அரை நொடிக்குள் இது நடந்துவிடும். பிராசசர் விழித்து, பயாஸ் சிப்பில் எழுதியிருக்கும் முதல் கட்டளையைப் படிக்கும். அந்தச் சமயத்தில் ராம் பயன்பாட்டுக்கு வந்திருக்காது. பிராசசர் தன்னுள்ளே இருக்கும் சிறிய கேஷ் நினைவகத்தையே தற்காலிக ராமாக வைத்துக்கொண்டு, உண்மையான ராமோடு பேசிப் பழகும். எந்தச் சைகையை எந்தக் கணத்தில் படிப்பது என்று சோதித்துச் சோதித்து முடிவு செய்யும். ராம் தயாரான பிறகுதான் கிராபிக்ஸ் கார்டின் முறை. ஆகவே ராமின் வேகம் தவறாக இருந்தால், அதைத் திரையில் சொல்லும் நிலைக்கே கம்ப்யூட்டர் வந்து சேராது.

இதற்காகவே இப்போதைய போர்டுகள் பலவற்றில் ஓரமாக நான்கு சின்ன விளக்குகள் வைத்திருக்கிறார்கள்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எது எரிந்து நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் தடை. விளக்கு இல்லாத பழைய போர்டில் ஒரு சிறிய ஸ்பீக்கரை மாட்டினால் பீப் ஒலியாகச் சொல்லும். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது பயாஸ் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பூட் விளக்கு எரிந்து, திரையில் எழுத்தும் வந்து, விண்டோஸ் மட்டும் ஏறவில்லையென்றால் அது வேறு நோய், அதற்குக் கீழே வருகிறேன்.

முதல் மருந்து, காத்திருப்பது. டிடிஆர்5 ராம் போட்ட போர்டு, அமைப்பு மாறிய பின் முதல் முறை ராமோடு பழகச் சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும். கருப்புத் திரையைப் பார்த்துப் பதறி, ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை பவர் பட்டனை அழுத்துபவர்கள் அந்தப் பழகும் வேலையை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். காபி குடித்துவிட்டு வாருங்கள். பல போர்டுகள் சில முறை தாமாகவே அணைந்து மறுபடி ஆன் ஆகி, வேகம் ஒத்துவரவில்லை என்று அறிவித்துப் பழைய அமைப்புக்குத் திரும்பியும்விடும்.

திரும்பாவிட்டால் அந்தக் கட்டளையை அழிக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதற்கு நாற்பது வருடக் கதை உண்டு. 1984இல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கணினியில் மோட்டோரோலாவின் சிப் ஒன்று இருந்தது. அதன் நினைவகம் மொத்தம் 64 பைட். 14 பைட் கடிகாரத்துக்கு. மீதி 50 பைட்டில் கணினியின் அமைப்பு விவரங்கள். கரண்ட் போனாலும் மறக்காமலிருக்க ஒரு பேட்டரி. அந்த நினைவகத்துக்குச் சிமாஸ் என்று பெயர் வந்தது, சிப் செய்யப்பட்ட தொழில்நுட்பத்திலிருந்து. இன்றைக்கும் அதையே சொல்கிறோம். இப்போது அமைப்புகளில் பெரும்பகுதி பயாஸின் ஃபிளாஷ் சிப்பில் எழுதப்படுகிறது. ஆனாலும் பேட்டரித் தொடர்பு அறுந்துபோனதை உணர்ந்தால் பயாஸ் பழையதை ஒதுக்கிவிட்டு, தொழிற்சாலையில் வைத்த அமைப்பை ஏற்றிக்கொள்ளும்.

செய்ய வேண்டியது இதுதான். கேபினட்டின் பின்னாலுள்ள ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவி விடுங்கள். பிளக் இருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பிறகு பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமுள்ள மின்சாரம் வடிந்துவிடும். போர்டில் கிளியர் சிமாஸ் என்ற பெயரில் இரண்டு அல்லது மூன்று ஊசிகள் துருத்திக்கொண்டிருக்கும். சில நிறுவனங்கள் வேறு சுருக்கப்பெயர் போட்டிருக்கும், மேனுவலில் பார்க்கலாம். ஊசிகளின் மேல் செருகிய ஜம்பர் இருந்தால் அதை இடம் மாற்றி, இல்லாவிட்டால் இரண்டு ஊசிகளையும் ஸ்குரூ டிரைவர் முனையால் தொட்டு, பத்து விநாடி வைத்திருந்து பழையபடி விட்டுவிடுங்கள். பின்பக்கத்திலேயே இதற்கு ஒரு பட்டன் வைத்த விலையுயர்ந்த போர்டுகளும் உண்டு.

ஊசிகளைக் கண்டுபிடிக்க முடியாதவர்கள் பேட்டரியைக் கழற்றலாம். சிஆர்2032 என்று அச்சிட்ட, 20 மில்லிமீட்டர் அகல 3 வோல்ட் நாணய பேட்டரி. கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருந்தால் கார்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு மறுபடி போடலாம். அந்தப் பத்து நிமிடம் அதை மேசை மேல் விட்டுவிட்டுப் போகாதீர்கள். குழந்தைகள் விழுங்குவதில் மிக ஆபத்தான அளவு இதுதான்: உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பின்னும் உள்ளே மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

இன்னும் வரவில்லையா? கம்ப்யூட்டரை எலும்பும் தோலுமாக்குங்கள். ஹார்டு டிஸ்க், யுஎஸ்பி எல்லாம் வெளியே. ஒரே ஒரு ராம், மேனுவல் சொல்லும் ஸ்லாட்டில். நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் அது பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது. பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டையும் எடுத்துவிட்டு, மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகுங்கள். இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் 'ஜி' இல்லாதவற்றிலும் கிடையாது. இது தெரியாமல் போர்டில் கேபிளைச் செருகி, டிஸ்ப்ளே வரவில்லை என்று மறுபடியும் ஒரு சுற்று கவலைப்படுபவர்கள் உண்டு.

ராமைக் கழற்றி பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊரில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. சில சமயம் பலிக்கிறது. பலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ராமைக் கழற்றி மறுபடி அழுத்தமாக மாட்டியதுதான். அதன் முனைகளில் இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு. தேய்க்கத் தேய்க்க அதுதான் தேயும். தேய்ப்பதை விட்டுவிட்டு, கிளிப் 'டக்' என்று விழும்வரை இரண்டு பக்கமும் அழுத்துங்கள்.

ராமைப் பற்றி இன்னொன்று. நான் ஓவர்கிளாக்கே செய்யவில்லை, எக்ஸ்எம்பியைத்தான் ஆன் செய்தேன் என்பார்கள். 3600 என்று பெட்டியில் அச்சிட்ட டிடிஆர்4 ராமை மாட்டினால் அது முதலில் 2133 அல்லது 2400 அல்லது 2666இல்தான் ஓடும். பெட்டியில் உள்ள வேகம் வர எக்ஸ்எம்பியை ஆன் செய்ய வேண்டும். செய்ததும் வோல்டேஜ் வழக்கமான 1.2இலிருந்து பெரும்பாலும் 1.35க்கு ஏறும். 2007இல் இதைக் கொண்டுவந்த இன்டெல்லே இதை ஓவர்கிளாக்கிங் கணக்கில்தான் வைத்திருக்கிறது. ஏஎம்டி 2022இல் கொண்டுவந்த எக்ஸ்போவும் அப்படியே. ராம் தாங்கினாலும் பிராசசருக்குள் உள்ள மெமரி கண்ட்ரோலர் தாங்காமல் போகலாம், நான்கு ராம் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம்.

திரை வந்த பிறகும் சில அதிர்ச்சிகள் காத்திருக்கும். பயாஸ் அமைப்பு அழிந்ததால் தேதி பின்னோக்கிப் போயிருக்கும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லி வங்கித் தளங்கள் திறக்க மறுக்கும். விண்டோஸ் 11 திடீரென்று, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். கம்ப்யூட்டரின் அடித்தளம் மாறிவிட்டது என்று அது சந்தேகிப்பதுதான் காரணம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். வேகத்தைக் கூட்டும் முன்பே அதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மேலே சொன்ன வேறு நோய் இதுதான்: பயாஸ் வருகிறது, விண்டோஸ் நீலத் திரையோடு விழுகிறது. சரியாக ஓடாத ராம் தவறான எண்களைக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தத் தவறுகள் டிஸ்க்கிலும் எழுதப்பட்டிருக்கலாம். முன்னிருந்த வேகத்துக்குத் திரும்பிய பின் மெம்டெஸ்ட்86 போன்ற இலவச மென்பொருளை யுஎஸ்பியிலிருந்து இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழைகூட வரக்கூடாது. அதன் பிறகுதான் விண்டோஸைப் பழுது பார்ப்பதில் பொருளுண்டு.

மார்கழியில் ஓடியது சித்திரையில் ஏன் ஓடவில்லை என்றும் கேட்கிறார்கள். பிராசசர் மேல் உள்ள கூலரால் அறை வெப்பநிலைக்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாது. அறையை விட இத்தனை டிகிரி அதிகம் என்றுதான் அது நிறுத்தி வைக்கும். 24 டிகிரி அறையில் 85இல் நின்ற பிராசசர், 36 டிகிரி அறையில் ஏறத்தாழ 97க்குப் போகும். இன்டெல் பிராசசர்கள் பல 100 டிகிரியிலும், ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95இலும் தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாங்கும் கோவைக்காவது கொஞ்சம் தப்பிக்க இடமுண்டு. வானிலை அறிக்கையின் வெயில் பட்டியலில் அடிக்கடி முதல் வரிசையில் வரும் கரூர் பரமத்திக்கோ ஈரோட்டுக்கோ அதுவும் இல்லை. விசைத்தறி ஓடும் சோமனூர், பல்லடம் வீடுகளிலும் பனியன் தொழில் நிறைந்த திருப்பூரிலும் பஞ்சுத் தூசி கூலரின் இதழ்களுக்கு நடுவே மெத்தையாகப் படியும். அங்கே ஓவர்கிளாக் செய்வதற்கு முன்னால் பிளோயர் அடிப்பதுதான் வேகத்தைக் கூட்டும் வழி.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன? ஒரு காலத்தில் நிறையக் கிடைத்தது. 1998இல் இன்டெல் விற்ற செலரான் 300ஏ, 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 4.5ஆல் பெருக்கி 300இல் ஓடியது. துடிப்பை 100 ஆக்கினால் 450. பலருக்கு அது பிசிறில்லாமல் ஓடியது. மலிவுச் சரக்கில் விலையுயர்ந்த பிராசசரின் வேகம், பாதிக்குப் பாதி லாபம். தயாரிப்பாளர் பாதுகாப்புக்காக விட்டுவைத்த இடைவெளி அந்த நாளில் அவ்வளவு பெரியது. அந்தக் காலம் நிலைக்கவில்லை. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் வோல்டேஜையும் குறைக்கலாம், சூடு ஏறாது என்று ராபர்ட் டெனார்டும் அவருடைய சகாக்களும் 1974இல் காட்டிய வழி 2005ஐ ஒட்டி அடைபட்டது. 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது. அதன் பின் வந்த பிராசசர்கள் டர்போ என்ற பெயரில் அந்த இடைவெளியைத் தாங்களே எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டன. நமக்கு மிச்சமிருப்பது பெரும்பாலும் சில சதவீதம்.

தயாரிப்பாளர்களே எல்லையில் நடக்கிறார்கள் என்பதற்கு அண்மைச் சான்றுகள் உண்டு. 2023இல் எக்ஸ்போ ஆன் செய்த சில ரைசன் 7800எக்ஸ்3டி பிராசசர்கள் போர்டோடு கருகின. ஏஎம்டி ஒரு குறிப்பிட்ட வோல்டேஜுக்கு 1.3 என்று உச்சவரம்பு போட்டுப் புது பயாஸ் கொடுத்தது. 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள், ஓவர்கிளாக் செய்யப்படாமலே, கூடுதல் வோல்டேஜாலும் சூட்டாலும் உள்ளுக்குள் தேய்ந்து நிலைதடுமாறின. பிராசசருக்குள் ஓடும் மைக்ரோகோடைத் திருத்தியதோடு வாரண்டியையும் இன்டெல் இரண்டு ஆண்டு நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பிராசசர் வைத்திருந்து கம்ப்யூட்டர் அடிக்கடி விழுந்தால், பயாஸைப் புதுப்பித்துவிட்டு வாரண்டியைக் கேளுங்கள். பயாஸ் புதுப்பிக்கும்போது யுபிஎஸ் இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனால்தான் நிஜமாகவே போர்டு போகும்.

என் கருத்தைக் கேட்டால், இன்றைய பிராசசரில் வேகத்தைக் கூட்டுவதை விட வோல்டேஜைச் சற்றுக் குறைத்து அதே வேகத்தில் ஓடவிடுவது நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற விளையாட்டு. அதிலும் இதே கருப்புத் திரை வரலாம், இதே வைத்தியம்தான்.

எதைச் செய்தாலும், மாற்றும் முன் பயாஸ் திரையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கடைசியில் கடைக்குத்தான் போக வேண்டும் என்றாகிவிட்டால், தலையைச் சொறியாமல் எதை மாற்றினீர்கள் என்று சொல்லிவிடுங்கள். தெரிந்தால் கடைக்காரருக்குப் பெரும்பாலும் பத்து நிமிட வேலை. தெரியாவிட்டால் ராம், எஸ்எம்பிஎஸ், போர்டு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் பில் வரும்.